முடிவு தெரிந்தவர்களின் இரக்கம்

தஞ்சாவூரை அடுத்த மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடக விழாவில் பிரகலாத சரித்திரம் பார்க்க உட்காருகிறவர்களில், கதை எப்படி முடியும் என்று தெரியாதவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய அந்த நாடகம் இரவில் தொடங்கி விடியும் தறுவாய்வரை நடக்கிறது. பார்க்கிறவர்களில் பலருக்குத் தெலுங்கு வராது. பாட்டின் பொருளைப் பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாராவது முணுமுணுப்பாகச் சொன்னால்தான் உண்டு. ஆனாலும் கதையைப் பின்தொடர்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. தூணுக்குள் இருப்பது யார் என்பது அம்மாவின் மடியில் தூங்கி வழியும் குழந்தைக்கும் தெரியும்.

திகில் கதைக்கு வேண்டிய அத்தனையும் அந்த நாடகத்தில் இருக்கின்றன. வல்லமை படைத்த ஒருவன் தன் பிடியில் இருக்கும் சிறுவனைப் பணியவைக்கப் பார்க்கிறான். யானையை ஏவுகிறான், நஞ்சைக் கொடுக்கிறான், பாம்பை விடுகிறான். வதைப்பவன் வேறு யாருமில்லை, பெற்ற தகப்பன். தடுக்க முடியாமல் தவிக்கும் தாய் லீலாவதி நடுவில் நிற்கிறாள். இன்றைய திரைக்கதையாசிரியர் கையில் இந்தக் கதை கிடைத்தால் நம் நெஞ்சு முழுவதும் அந்தச் சிறுவனுக்காக அடித்துக்கொள்ளும்படிதான் அமைப்பார். மெலட்டூரில் அப்படி நடப்பதில்லை. பிரகலாதனுக்காக அங்கே யாரும் பதறுவதில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கூட்டத்தின் கவனமும், சொல்லப்போனால் ஒருவகைப் பரிவும், இரணியன் மேலேயே இருக்கின்றன. மனிதனாலும் விலங்காலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை, உள்ளேயும் வெளியேயும் சாவில்லை என்று எல்லாக் கதவையும் அடைத்துவிட்டதாக நம்புகிற அவன், அந்திப்பொழுதையும் வாசற்படியையும் மறந்துவிட்டான். அவன் தூணை நோக்கி நடக்கும்போது, தான் எங்கே போகிறோம் என்று அறியாத ஒரே ஆள் அந்த மேடையில் அவன்தான்.

சிறைப்பிடித்தவனும் சிறைப்பட்டவரும் வருகிற கதைகளில் நம் இரக்கம் யார் பக்கம் சாய்கிறது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. துன்பத்தின் அளவைப் பார்த்து இரக்கம் வருவதில்லை. நாம் அறிந்ததை அறியாமல் இருப்பவர் யாரோ அவர் பக்கம்தான் அது போகிறது; அவர் கட்டிப்போட்டவராக இருந்தாலும் சரி, கட்டுண்டவராக இருந்தாலும் சரி. நாம் அறிந்த அளவே அறிந்தவரோடு நமக்கு ஏற்படுவது தோழமை. நம்மைவிட அதிகம் அறிந்தவர் மேல் வருவது மதிப்பாகவோ அச்சமாகவோ இருக்குமே தவிர, பரிதாபமாக இருக்காது. ஆகவே கதைசொல்லி எதை முன்கூட்டிச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பது வெறும் விறுவிறுப்புக்கான உத்தி அல்ல. நாம் யாருக்கு நியாயம் வழங்கப்போகிறோம் என்பதையே அது தீர்மானித்துவிடுகிறது. முன்னறிவைப் பற்றிப் பேசினால் உடனே எல்லாரும் திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டை எடுத்து வைப்பார்கள். குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்பே காட்டிவிட்டால் சாதாரணப் பேச்சும் பதைபதைப்பாகிவிடும் என்பது சரிதான். ஆனால் வெடிகுண்டுக்குச் சிறுவயது கிடையாது, பசி கிடையாது. குண்டு வைத்தவன் மேல் நமக்கு என்ன தோன்றும் என்ற கேள்விக்கு அந்த உதாரணம் உதவுவதில்லை.

அதற்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நன்றாக உதவும். பூம்புகாரிலிருந்து போன கோவலன் மதுரைக் கடைத்தெருவில் பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டுகிறான். அரசிக்கு ஏற்ற சிலம்பு இது, மன்னனிடம் சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை என் சிறுகுடிலில் இருங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் பொற்கொல்லன் போகிறான். பக்கத்தில் இருந்த கோயிலின் மதிலுக்குள் போய்க் கோவலன் காத்திருக்கிறான். அங்கே பூட்டு இல்லை, காவல் இல்லை. எழுந்து நடந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. இருந்தும் தமிழில் இதைவிட இறுக்கமான சிறையை நான் படித்ததில்லை. கோவலன் கொலையுண்ணப் போவதைப் பதிகமே முதலில் சொல்லிவிட்டது. அதற்குமேல், "கரந்துயான் கொண்ட காலணி", அதாவது நான் திருடி மறைத்த சிலம்பு, வெளிப்படும் முன் இந்தப் புதியவனை மாட்டிவிடுவேன் என்று பொற்கொல்லன் தனக்குள் எண்ணுவதையும் இளங்கோ நம் காதில் போட்டுவிடுகிறார். எல்லாம் அறிந்த நாம், ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் நம்மை அழைத்துப்போனாலே அவர்மேல் பரிவு வந்துவிடும் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்வார்கள். பொற்கொல்லனின் மனத்துக்குள் நாம் போய்த்தான் வருகிறோம்; ஒரு துளிப் பரிவும் வருவதில்லை, ஏனென்றால் அந்தச் சூழ்ச்சியில் அவன் அறியாதது எதுவுமே இல்லை. பாண்டியன் கதை வேறு. அரசியின் ஊடலைத் தணிக்கப் போகிற வழியில், நின்று விசாரிக்காமல், கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுகிறான். கோவலனின் சாவுக்குச் சட்டப்படி பொறுப்பு அவனுடையதே. ஆனாலும் வழக்குரை காதையில் சிம்மாசனத்திலிருந்து அவன் விழும்போது நம் மனம் இளகுகிறது. இடையில் காவலர்கள் வேறு இருக்கிறார்கள்; இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிற ஒருவனும், படிப்பறிவற்ற குடிகாரன் ஒருவனும். தயங்கியவனை நாம் மன்னிக்கிறோம். ஒரே குற்றத்தில் பங்குகொண்ட நான்கு பேருக்கு நான்கு விதமான தீர்ப்பு வழங்குகிறோம். அவரவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது ஒன்றுதான் அங்கே அளவுகோல்.

முடிவைச் சொல்லிவிட்டால் படம் பாழ் என்கிற இன்றைய எண்ணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இல்லை. கும்பகோணத்தில் எங்களோடு இருக்கும் அத்தை எந்தத் திகில் படத்தையும் முடிவு கேட்காமல் பார்க்கமாட்டார். சென்ற கோடையில் பெண்ணொருத்தியைத் தோட்ட வீட்டில் அடைத்துவைக்கும் மொழிமாற்றுப் படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் போட்டபோது, முருங்கைக் கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே, "கடைசியில அந்தப் பொண்ணு பொழைச்சுக்குமா? அத மட்டும் சொல்லிடு தம்பி, அப்புறம் நிம்மதியாப் பாக்கலாம்" என்றார். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் அத்தையின் காதோடு, பிழைத்துக்கொள்வாள் என்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பார்த்தது ஒரே படம் என்று சொல்ல முடியாது. அண்ணன் மகளின் கண் அறையை விட்டு நகரவில்லை. சன்னல் கம்பியில் ஒன்று ஆடுவதை அவள்தான் முதலில் கண்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் சோபாவில் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டாள். அத்தையோ அடைத்துவைத்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தட்டில் சோறு போட்டு எடுத்துப்போனதும், அவள் அதைத் தள்ளிவிட்டதும், அவன் குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கியதும் அண்ணன் மகளுக்கு அருவருப்பாக இருந்தது. அத்தை கீரைக் காம்பைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டு, "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். அந்தப் பெண் தப்பிவிடுவாள் என்று அத்தைக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தோற்கப்போகிறோம் என்று தெரியாமல் தோசையும் சோறும் சுமந்து நடக்கும் அவன் அத்தையின் கண்ணுக்குப் பாவப்பட்டவனாகிவிட்டான். பிற்பாதியில், அதே அறையில் அவன் முன்பு வேறொரு பெண்ணைக் கொன்றிருக்கிறான் என்ற செய்தி வந்தது. அத்தை அவனைத் திட்டவில்லை; என்னைத்தான் திட்டினார். "இத இல்ல நீ மொதல்ல சொல்லியிருக்கணும்!" இரக்கத்தைக் கொடுத்துவிட்ட பிறகு, இத்தனை நேரம் அவன் நம்மைவிட அதிகம் அறிந்திருந்தான் என்று தெரியவந்தால், ஏமாந்துபோன கோபம்தான் மிஞ்சும்.

முடிவு தெரிந்தால் சுவை குறையுமா என்பதை ஆய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஜொனாதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் கதைகளைச் சற்றுக் கூடுதலாகவே இரசித்தார்கள் என்று கண்டார்கள். பிறகு வந்த வேறு ஆய்வுகள் இதற்கு மாறான முடிவையும் காட்டியுள்ளன. எனக்கு அந்த வழக்கில் அவ்வளவு அக்கறை இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் என்றும் தண்ணீர் வந்துசேரும் என்றும் தெரிந்திருந்தும், கடைமடைக்காரர் தினம் காலையில் வாய்க்கால் தலைப்புவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். முடிவு தெரிவதால் ஆவல் சாவதில்லை. அது வேறொன்றின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். திகில் கதையில் அப்படிப் போய் உட்காரும் இடம் பெரும்பாலும் சிறைவைத்தவனாக இருக்கிறான் என்பதுதான் என் கவலை.

தமிழ்ப் படங்களில் இதை மிக அழகாகவும், நினைத்துப் பார்த்தால் மிகச் சங்கடமாகவும் செய்த படம் 1991இல் வெளிவந்த 'குணா'. குணாவின் மனநிலையையும், அவன் மனத்தில் அபிராமி என்று ஒருத்தி குடியிருப்பதையும் கடத்தலுக்கு வெகு முன்பே நாம் அறிந்துவிடுகிறோம். கடத்தப்படும் பெண்ணுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. என் கணக்குப்படி நம் இரக்கம் அவள் பக்கம் போயிருக்க வேண்டும். போவதில்லை. காரணம், அங்கே அறியாமைகள் இரண்டு இருக்கின்றன. அவளுடைய அறியாமை சிறியது, சில நாள்களில் தீர்ந்துவிடக்கூடியது. அவள் தன் அபிராமி அல்லள் என்பதை அறியாத அவனுடைய அறியாமை வாழ்நாள் முழுவதற்குமானது. பெரிய அறியாமை சிறியதை விழுங்கிவிடுகிறது. மலைமேல் பாழடைந்த கட்டடத்தில், முன்பின் தெரியாத ஒருவனோடு மாட்டிக்கொண்ட பெண்ணின் முதல் இரவு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஏறக்குறைய நினைப்பதே இல்லை. அவளுடைய அச்சம் நமக்கு, அவனைப் புரிந்துகொள்ளாத பிடிவாதமாகவே படுகிறது. படம் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. நான் இந்தப் படத்தை இன்றும் விரும்புகிறேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதே சிக்கலைத் தெரிந்தே கையில் எடுத்தவர் ஜான் ஃபவுல்ஸ். 1963இல் வெளிவந்த அவருடைய 'தி கலெக்டர்' நாவலில் பட்டாம்பூச்சி சேகரிக்கும் இளைஞன் ஒருவன், பந்தயத்தில் பெரும்பணம் கிடைத்ததும் ஒதுக்குப்புறமாக வீடு வாங்கி, ஓவியம் படிக்கும் மாணவி மிராண்டாவைக் கடத்திவந்து நிலவறையில் வைக்கிறான். முதல் பகுதி முழுவதையும் அவனே சொல்கிறான். தான் நல்லவன், அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை, அவள்தான் புரிந்துகொள்ளவில்லை என்று பொறுமையாக அடுக்கிக்கொண்டே போகிறான். தன்னைப் பற்றி அவன் அறியாததையெல்லாம் நாம் அவன் வாக்கியங்களுக்கு இடையே படித்துவிடுகிறோம். அதனாலேயே, வேண்டாம் என்று நினைத்தாலும், அவன்மேல் ஒரு பரிதாபம் கசிகிறது. அவள் நோயில் விழும் இடத்தில் அவன் கதையை நிறுத்திவிட்டு, அவளுடைய நாட்குறிப்பைத் தொடங்குகிறார் ஆசிரியர். முன்பு படித்த அதே நிகழ்ச்சிகள்தாம். ஆனால் அவன் சொல்லும்போது திமிர்பிடித்தவளாகத் தெரிந்த பெண், இங்கே தான் படித்த புத்தகங்களையும் பார்த்த ஓவியங்களையும் விடுதலைக்குப் பிறகு வாழப்போகும் வாழ்க்கையையும் எழுதிக்கொண்டிருக்கிறாள். நோய் வரப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முதல் பகுதியில் அவனுக்குக் கொடுத்த பரிதாபத்தை நாம் கூசிப்போய்த் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இந்த வரிசையை மாற்றி அவள் குறிப்பை முதலில் வைத்திருந்தால் அந்தக் கூச்சம் நமக்கு வந்திருக்காது.

1960இல் வந்த 'சைக்கோ' படத்தில் கொலையுண்ட பெண்ணின் உடலோடு அவள் காரை விடுதிக்கார இளைஞன் சதுப்பில் தள்ளும் காட்சியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான், இன்னொரு மடிப்போடு. பாதி முழுகிய கார் ஒரு நொடி நின்றுவிடும்போது, ஐயோ முழுகவேண்டுமே என்று நாமும் மூச்சைப் பிடிக்கிறோம். தாய் செய்த கொலையை மறைக்கும் மகன் என்று அப்போது அவனைப் பற்றி நாம் நினைப்பது பிழை. அங்கே அறியாதவர் நாமே. இரண்டாம் முறை பார்க்கும்போது, தனக்குள் என்ன நடக்கிறது என்று அவனும் அறியான் என்பது உறைக்கிறது. முதல் முறை வந்தது ஒரு நல்ல மகனுக்கான பரிவு. இரண்டாம் முறை வருவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் புலப்படவில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், இப்போதைய இணையத் தொடர்களில் வாடிக்கையாகிவிட்ட ஒரு வழக்கம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. ஏழு பகுதிகள் நம்மைப் பயமுறுத்திவிட்டு, எட்டாவது பகுதியில் கொலைகாரன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கட்டிப்போட்டிருக்கும் பெண்ணிடம் தன் சிறுவயதுக் கதையைச் சொல்கிறான். அப்பா குடித்துவிட்டு அடித்தார், பள்ளியில் கேலி செய்தார்கள், மழையில் நின்றேன். கதை உண்மையாகவே உருக்கமாக இருந்தாலும் நம் மனம் இளகுவதில்லை. தன் காயம் எது, அது தன்னை எப்படி ஆக்கியது என்பதை மருத்துவர்போல் விளக்கத் தெரிந்தவனுக்கு நாம் ஏன் இரங்க வேண்டும்? அவன் எல்லாம் அறிந்தே செய்திருக்கிறான். அந்தக் காயத்தைப் பார்வையாளருக்கு மட்டும், அதுவும் முன்பே, ஏதோ ஒரு பழக்கத்தின் வழியாகக் காட்டியிருந்தால் நிலைமை வேறு. கதவைத் தாழிட்ட பிறகு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் என்று காட்டிவிட்டு, ஏன் என்று அவனே யோசித்ததில்லை என்றும் உணர்த்தியிருந்தால், நாம் தானாகவே அவன் பக்கம் ஓர் அடி நகர்ந்திருப்போம். நகர்ந்த பிறகு, நகர்ந்தோமே என்று வெட்கப்பட்டிருப்போம். அந்த வெட்கத்தில்தான் நல்ல திகில் கதை இருக்கிறது.

இந்தத் தொடர்களில் இன்னொரு குறையும் உண்டு. சிறைப்பட்ட பெண்ணுக்கு நம்மைவிட அதிகமாக எதுவும் தெரிவதில்லை. அவன் வாசலில் வந்துவிட்டான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கோப்பையில் மருந்து கலந்திருப்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எப்போதும் அறியாதவளாகவே அவளை வைத்திருப்பதால் அவளுக்குப் பரிதாபம் கிடைக்கிறது, மதிப்புக் கிடைப்பதில்லை. பரிதாபம் நீளநீள அலுத்துப்போகும். பத்தாவது நிமிடத்தில் ஐயோ பாவம் என்றவர்கள், எண்பதாவது நிமிடத்தில் இவளுக்கு அறிவே இல்லையா என்று கேட்கிறார்கள்.

தேரழுந்தூர்க்காரரான கம்பர் இதை எவ்வளவு நுட்பமாகக் கையாண்டிருக்கிறார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கம்பராமாயணத்தில் இராவணன் சீதையைத் தொடுவதில்லை. அவள் இருந்த சாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப்போகிறான். ஏன் தொடவில்லை என்பதற்கான காரணத்தைக் கம்பன் அந்த இடத்திலேயே போகிறபோக்கில் சொல்லிவிடுகிறான்: விரும்பாத பெண்ணைத் தீண்டினால் தலை சிதறும் என்று பிரமன் கூறிய மொழி இராவணன் நினைவுக்கு வருகிறது. ஆக, கேட்கிறவருக்கு அப்போதே ஒரு பெரிய பயம் நீங்கிவிடுகிறது. அசோகவனத்தில் இராவணன் வந்து கெஞ்சுவதும் மிரட்டுவதும் நம் காதில் கையாலாகாதவன் புலம்பலாக விழுவதற்கு இந்த முன்னறிவே காரணம். இலங்கை வேந்தன்மேல் தமிழ்நாட்டில் இத்தனை பேருக்கு இருக்கும் பரிவில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் தூக்கிச் செல்லப்பட்ட நேரத்தில் சீதைக்கு அது தெரியாது. பிற்பாடு, தன்மேல் கருணை கொண்ட வீடணன் மகள் தன் துணுக்கத்தைப் போக்குவதற்காக அந்தச் சாபத்தைச் சொன்னாள் என்று அவளே அனுமனிடம் கூறுகிறாள். எடுத்துப்போன கணத்துக்கும் அந்தப் பெண் வந்து காதில் சொன்ன கணத்துக்கும் இடையில் சீதை என்ன பாடு பட்டிருப்பாள் என்பது, அனுமனிடம் அவள் சொல்லும்போதுதான் நமக்கு உறைக்கிறது. நமக்குத் தெரியும் என்ற நிம்மதியில் நாம் அவளை அங்கே தனியாக விட்டுவிட்டிருக்கிறோம்.

அத்தோடு கம்பன் விடுவதில்லை. என் தோளில் ஏறிக்கொள்ளுங்கள், இப்போதே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று அனுமன் சொல்லும்போது சீதை மறுக்கிறாள். மறுத்துவிட்டு, "எல்லை நீத்த உலகங்கள் யாவும் என் சொல்லினால் சுடுவேன்" என்கிறாள். இலங்கையை மட்டுமன்று, எல்லா உலகங்களையும் எரிக்கும் ஆற்றல் தன் சொல்லுக்கு உண்டு. அது இராமன் வில்லுக்கு இழுக்காகிவிடும் என்பதால் அதை வீசி எறிந்துவிட்டேன் என்கிறாள். அத்தனை மாதங்களாகக் கையறு நிலையில் இருக்கிறாள் என்று எண்ணி நாம் இரங்கிக்கொண்டிருந்தவள், நாம் அறியாத ஒன்றை அறிந்தபடியே அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த ஒரு பாட்டில் பரிதாபம் நின்று வேறொன்று தொடங்குகிறது. கைதிக்குப் பார்வையாளரிடமிருந்தும் மறைத்துவைக்க ஓர் அறிவைக் கொடுங்கள் என்று நான் திரைக்கதை எழுதும் நண்பர்களிடம் சொல்வது இதை வைத்துத்தான். அவள் கம்பியைத் தேய்ப்பதை எங்களுக்கும் காட்டாதீர்கள். கதவு திறந்த பிறகு தெரிந்தால் போதும்.

இராவணன் பக்கத்திலும் கம்பன் இதே கணக்கை வேறுவிதமாகப் போட்டுப் பார்க்கிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் வைத்து, அந்தக் கதையை வீடணன் வாயால் இராவணனுக்கே சொல்லவைக்கிறான். சிறைவைத்த ஒருவனிடம், உன்னைப் போன்ற இன்னொருவன் எப்படி முடிந்தான் என்று முழுமூச்சாக எடுத்துரைக்கும் காட்சி அது. அதுவரை கேட்கிறவர்களுக்கு மட்டும் இருந்த முன்னறிவு இப்போது இராவணன் கைக்கும் வந்துவிட்டது. அவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டதோ வேறு. இரணியன் மகனைப் போல, நான் தோற்ற பிறகு என் செல்வத்தை அடைந்து வாழலாம் என்பதுதானே உன் எண்ணம் என்று தம்பியைச் சாடுகிறான். தூணிலிருந்து வந்தவனைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை; அரியணையில் அடுத்து யார் உட்கார்ந்தார் என்பதைத்தான் பார்த்தான். இந்த இடத்திலிருந்து, அறியாதவன் என்ற சலுகையை அவனுக்கு நாம் தர முடியாது. சொல்லியும் கேட்காதவன் ஆகிவிட்டான்.

முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும்போது, வீரத்தையும் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இலங்கைக்குள் நுழைகிறானே, அந்த இராவணனுக்காக மறுபடியும் மனம் இளகுகிறதே, அது எப்படி என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, என் கணக்குக்குள் எளிதில் அடங்காததும்கூட. அங்கே அவனுக்கும் நமக்கும் இடையில் அறிவில் இடைவெளி இல்லை. நாம் முதலிலிருந்து அறிந்திருந்ததை அவன் அன்றைக்கு அறிந்துகொண்டான். ஆகவே வருவதைப் பரிதாபம் என்று நான் சொல்லமாட்டேன். வானுலகும் மண்ணுலகும் சிரிக்குமே என்பதற்காக அவன் வெட்கப்படவில்லை, "சானகி நகுவள்" என்றே நாணத்தால் சாம்புகின்றான் என்கிறான் கம்பன். சிறைவைத்தவனுக்குக் கடைசியில் அச்சம் தருவது, தான் தோற்ற செய்தி சிறையில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான். அதுவரை அவளிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பது அவன் கையில் இருந்தது, இனி இல்லை. கடத்தல் கதை எழுதுகிறவர்கள் இந்த நாணத்தை எழுதிப் பார்க்கலாம். காவல்துறை வந்து கதவை உடைக்கும் காட்சியைவிட அது கடினமானது. அதனால்தானோ என்னவோ அதிகம் பேர் முயன்றதாகத் தெரியவில்லை.